கல்வெட்டில் இல்லாத கிற்றார்

அண்ணர் பிறந்தது யாழ்ப்பாணம் கொக்குவிலில். வாழ்ந்தது பாரிஸ் நகருக்கு அருகே ஆர்ஜொந்தெயில். சென்ற ஆண்டு அவருடைய முப்பத்தோராம் நாளன்று உங்கள் கைகளில் கொடுக்கப்பட்ட கல்வெட்டு என்னும் நினைவுப் புத்தகத்தில் இந்த இரண்டு செய்திகள்தாம் உண்மை. மற்றதெல்லாம் வேறு யாருக்கோ எழுதியது. அந்த வேறு யாரோ உணவகமொன்றில் பொறுப்பான பதவி வகித்தார், கோயில் தொண்டு செய்தார், திடீர்ச் சுகவீனத்தால் இறைவனடி சேர்ந்தார். அட்டைப் படத்தில் நீலக் கோட்டும் சிவப்புக் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்தார். எங்கள் அண்ணர் வாழ்நாளில் ஒரு நாள்கூடக் கோட் அணிந்தவரல்லர். மேடையில் கிற்றாருடன் அவர் நின்ற படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி, யாருடையதோ உடம்பில் ஒட்டியிருந்தார்கள். காதில் கிடந்த வளையத்தையும் அழித்துவிட்டார்கள்.

ஓராண்டாக இந்த ஆத்திரத்தை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தேன். ஆண்டுத் திவச மலரை நானே எழுதப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "எழுது. ஆனா ஒருத்தரையும் நோகப் பண்ணிப் போடாதை" என்றார். அம்மா, என்னை மன்னியுங்கள். முதலாவது முடியும், இரண்டாவதற்கு நான் பொறுப்பில்லை.

அப்பா முதலில் இங்கு வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, எங்களைக் கூப்பிட்டார். அப்போது அண்ணருக்கு ஒன்பது வயது, எனக்கு நான்கு. பிரெஞ்சு தெரியாமல் வகுப்பில் வாயே திறக்காமலிருந்த அவரிடம் இசை ஆசிரியை ஒரு பழைய கிற்றாரைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். அதன்பிறகு எங்கள் ஐந்தாம் மாடி வீட்டில் அமைதி இருந்ததில்லை. கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் தம் வீட்டுக் கூரையில் இடிப்பார். "உது சோறு போடுமோ?" என்று அப்பா கேட்பார். அண்ணர் தொடர்ந்து வாசிப்பார்.

பதினெட்டு வயதில் மூன்று பிரெஞ்சு நண்பர்களுடன் ரொக் இசைக்குழு தொடங்கினார். லீல் முதல் மார்செய் வரை ஒரு பழைய வான் வண்டியில் ஏறிப்போய் மதுக்கடை மேடைகளிலும் கோடை விழாக்களிலும் பன்னிரண்டு ஆண்டுகள் வாசித்தார். இரண்டு இசைத்தட்டுகள் வெளிவந்தன. நான் ஒருமுறை வீட்டில் சொல்லாமல் போய்ப் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் மூன்று சொல்லுக்கு மேல் பேசாத மனிதர் அங்கே ஒரு மண்டபத்தையே துள்ள வைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமையில் அழுகை வந்தது. ஆனால் "மகன் என்ன செய்யிறார்?" என்று யாராவது கேட்டால் அப்பா "ரெஸ்ரோரண்டிலை" என்பார். பொய் அங்கேயே தொடங்கிவிட்டது. கல்வெட்டு அதை அச்சடித்தது, அவ்வளவுதான்.

குடியும் அந்த மேடைகளில்தான் தொடங்கியது. மறைக்க மாட்டேன். மதுக்கடையில் வாசிப்பவருக்குக் குடிக்கக் கேட்டதெல்லாம் கிடைக்கும். பிறகு போதைத் தூள் வந்தது. குழு கலைந்தது. கிற்றாரையும் விற்றார். அப்பாவின் செத்தவீட்டுக்கு அவர் வந்த கோலத்தை எல்லோரும் பார்த்தீர்கள். தர்ப்பை போட்ட கை நடுங்கி நீர் தெளிக்க முடியாமல்போக, ஐயர் கையைப் பிடித்துவிட்டார். அதை இன்றுவரை கதைக்கிறீர்கள். அதன்பிறகு அவர் வாழ்ந்த பதினொரு ஆண்டுகளைப் பற்றிக் கதைக்க மட்டும் ஒருவருக்கும் நேரமில்லை. ஆகவே நான் சொல்கிறேன்.

அந்த மாதமே, குடியை விடுவதற்காக மூன்றாம் முறையாக மருத்துவமனையில் கிடந்தபோது, அங்கே பொது அறையில் இரண்டு கம்பி அறுந்த கிற்றார் ஒன்று இருந்தது. உடம்பு போதை கேட்டு வதைத்த ஒரு பிற்பகலில் தாதி ஒருவர் அதைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டுப் போனாராம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்திருக்கிறார். இருபது நிமிடத்தில் அந்த வதை கொஞ்சம் இறங்கியது. மறுநாளும் அப்படியே. "சாகப்போறன் எண்டு நினைச்சன் தங்கச்சி. இருபது நிமிஷம்தான். அதைத் தாண்டினால் பிறகு மனிசன்" என்று பின்னர் எனக்குச் சொன்னார். அன்றிலிருந்து கடைசி மூச்சு வரை ஒரு துளி தொடவில்லை.

வெளியே வந்ததும் பாரிஸில் ரூ பஜோல் என்ற தெருவில் ஓர் அறையைக் கேட்டு வாங்கி, சனிக்கிழமைதோறும் மூன்று மணிக்குத் திறந்தார். குடியையும் தூளையும் விட முயல்பவர்கள் வந்தார்கள். வந்தவரிடம் கதை கேட்கமாட்டார். கையில் ஒரு கிற்றாரைக் கொடுப்பார். எந்த விரலும் அழுத்தாமல் சும்மா தடவினாலே இனிமையாக ஒலிக்கும்படி கம்பிகளை முன்னரே சுருதி கூட்டி வைத்திருப்பார். நடுங்கும் கையும் முதல் நாளே பிழையில்லாமல் வாசிக்க வேண்டும் என்பார். இடையில் உடம்பு கேட்டால் எந்த நேரமும் அவருக்கு அழைக்கலாம். "இருபது நிமிஷம் வாசியுங்கோ. பிறகும் உடம்பு கேட்டால் இன்னொருக்கா வாசியுங்கோ" என்பார், அதுவரை தொலைபேசியை வைக்கமாட்டார். மற்றவர்கள் அந்த மனிதர்களின் முழங்கையில் ஊசித் தழும்பு தேடுவார்கள். அண்ணர் இடக்கை விரல் நுனிகளைத் தடவிப் பார்ப்பார். தோல் காய்த்திருந்தால் அந்த வாரம் வாசித்திருக்கிறார் என்று பொருள். தேர்த் திருவிழா நாளிலும் அறையைத் திறந்தே வைத்திருப்பார். கூட்டத்துக்குள் பழைய கூட்டாளிகள் "வா மச்சான்" என்று இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற கவலை அவருக்கு.

அந்த அறைக்கு இரண்டு வாசல்கள். முன்வாசல் தெருவைப் பார்த்தது. பின்வாசலுக்குக் குப்பைத் தொட்டிகள் வைத்த முற்றத்தால் சுற்றி வரவேண்டும். பிரெஞ்சுக்காரரும் அரபுக்காரரும் ஆபிரிக்கரும் முன்வாசலால் வந்தார்கள். எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் பின்வாசல். அத்தோடு அண்ணரிடம் ஒரு வாக்கும் வாங்கினார்கள்: தெருவில் கண்டால் தெரியாதவர்போலப் போகவேண்டும்.

அவர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில் என்னோடு மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவார், திடீரென்று எதிர்ப்பக்கம் கடந்துவிடுவார். யாருக்கோ ஒளிக்கிறார் என்று நினைத்து ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன்.

"அண்ணை, ஆருக்குப் பயந்து ஓடுறீங்கள்?"

"நான் பயப்பிடேல்லை. அவைக்குத்தான் பயம்."

யார் என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கும் கண் இருக்கிறது. அவர் கடக்கும்போதெல்லாம் முன்னால் வருபவரைப் பார்த்தேன்.

பழைய குடி அவருடைய ஈரலை எப்போதோ தின்றுவிட்டிருந்தது. கடைசிக் கிழமைகளில் கிற்றாரைத் தூக்கவும் பலமில்லை. தொலைபேசி மட்டும் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. இறப்பதற்கு இரண்டு நாள் முன்பும் யாரோ தமிழில் அழுதுகொண்டு அழைத்தார். அண்ணர் கண்ணை மூடியபடி மறுமுனையில் அவர் வாசித்ததை இருபது நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இறுதிக் கிரியையன்று அவர் பெட்டியின் பக்கத்தில், சனிக்கிழமைகளில் அவர் வாசித்த கிற்றாரை வைத்தேன். சித்தப்பா எடுத்துக்கொண்டுபோய்க் காருக்குள் பூட்டினார்.

"சித்தப்பா, அது அண்ணையின்ரை சாமான்."

"குடும்ப மானம் இருக்குப் பிள்ளை. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. நாங்கள்தான் பாத்து நடக்கவேணும்."

சித்தப்பா கெட்டவரல்லர். பெட்டி எடுத்தது முதல் சாம்பல் கரைத்தது வரை ஓடித் திரிந்தவர் அவர்தான். கல்வெட்டுக்குத் தகவல் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கலாம் என்று நம்பிவிட்டார். ஆனால் அன்று மழைக்குள் வாசலில் பதினான்கு பேர் கிற்றார்களுடன் நின்றார்கள். சனிக்கிழமை ஆட்கள். "உள்ளுக்கு வாங்கோ" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. உள்ளே கதிரைகளில் வேறு சிலர் வெள்ளைச் சட்டையோடு இருந்தார்கள், அவர்களும் சனிக்கிழமை ஆட்கள்தாம், பின்வாசலால் வந்தவர்கள். பின் வரிசையில் ஒருவர், "திரும்பக் குடிச்சவராம், அதாலைதான்" என்று பக்கத்தில் சொன்னார். எனக்கே கேட்டது. அவர்களுக்குக் கேட்காமலா இருந்திருக்கும்? பதினொரு ஆண்டுகள் தொடாதவர் என்று அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த மண்டபத்தில் எவருமில்லை. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. எல்லோரும் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இன்றுவரை மன்னிக்காதது அந்த நேரத்தைத்தான்.

சென்ற கிழமை திவசச் சாமான் வாங்க ரூ காயில் ஒரு கடைக்குப் போனேன். எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன், அந்தத் தெருவில் கடைக்கு என்ன குறைவு? முதலாளிக்கு ஐம்பது வயதுக்கு மேல். கடையில் வேறு ஆளில்லை என்று பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"மலர் போடுறியளாம். நீங்கள்தான் எழுதுறியளாம்."

"ஓம்."

"அண்ணை இல்லையெண்டால் இண்டைக்கு நான் இல்லைத் தங்கச்சி. ஆனா என்ரை பேரை மட்டும் போட்டிடாதேங்கோ."

"அண்ணை ஒருத்தற்றை பேரும் எனக்குச் சொல்லேல்லை" என்றேன். அவருக்கு முகம் தெளிந்தது. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் பையை நீட்டிய அவருடைய இடக்கையைப் பார்த்தேன். நான்கு விரல் நுனிகளும் காய்த்துப் போயிருந்தன. அண்ணர் போய் ஓராண்டாகிறது, தோல் இன்னும் ஆறவில்லை. வாசிக்கிறார். பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

இனி நன்றி. மலர்வளையம் வைத்தோர், மரண அறிவித்தல் கொடுத்தோர், சமைத்தோர், பந்தலில் நின்றோர் யாவருக்கும் பழைய கல்வெட்டிலேயே நன்றி சொல்லியாயிற்று. அதில் விடுபட்டவர்களுக்கு இங்கே சொல்கிறேன். அந்தக் கம்பி அறுந்த கிற்றாரை மடியில் வைத்த தாதிக்கு. தும்புத்தடியால் இடித்தாலும் ஒருநாளும் பொலிசைக் கூப்பிடாத கீழ்வீட்டுக்காரருக்கு. மழைக்குள் நின்ற பதினான்கு பேருக்கு. அவர்களுக்கு இந்தப் பக்கத்தைப் பிரெஞ்சில் நானே வாசித்துக் காட்டுவேன்.

கடைசியாக, தெருவில் தம்மைத் தெரியாதவர்போலப் போகச் சொன்னவர்களுக்கு. இந்த மலர் உங்கள் கையிலும் இருக்கிறது. அண்ணர் உங்கள் பெயரைக் காத்தார். நீங்கள் அவருடைய பெயரைக் காக்கவில்லை. அவர் கொடுத்த வாக்கை நானும் மீறவில்லை, ஒரு பெயரும் எழுதவில்லை. இந்த மலரின் அட்டையில் தலை வெட்டாத படத்தைப் போட்டிருக்கிறேன், காது வளையத்தோடு, கிற்றாரோடு. சித்தப்பா காருக்குள் பூட்டிய கிற்றாரைத் திரும்ப வாங்கி, ரூ பஜோல் அறையில் சுருதி கூட்டி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மூன்று மணிக்குத் திறப்பவள் நான்தான். குப்பைத் தொட்டிப் பக்கத்துக் கதவைப் பூட்டிவிட்டேன். முன்வாசலால் வாருங்கள்.

அன்புத் தங்கை