இறக்கத்தில் மட்டும் இறுகிய ஸ்டியரிங்

போன சனிக்கிழமை ஒரு ஸ்டியரிங் கோளாறு என்னைத் துப்பாக்கி முனைவரை கொண்டுபோய் நிறுத்தியது. பயப்படாதீர்கள்... முழுசாகத் திரும்பி வந்துதான் இதை எழுதுகிறேன்.

கண்டிக்கு அருகே மலையில் இருக்கும் கலஹாவில் செல்வராஜ் என்றொரு நண்பர். அந்தப் பக்கத்து மரக்கறியைக் கண்டிச் சந்தைக்கு ஏற்றிவருவது அவர் தொழில். அண்மையில்தான் பழைய பிக்கப்பைத் தள்ளிவிட்டு, பவர் ஸ்டியரிங் உள்ள ஒன்றை ஆசையாக வாங்கினார். அன்று தொடங்கிய புலம்பல்.

“ஏறும்போது ஒத்த வெரல்ல திருப்பலாம் சார். எறங்கும்போது அப்படியே இறுகிப் போவுதுங்க. பழைய வண்டியில இந்தக் கரைச்சலே இல்ல.”

ஏற்றத்தில் நல்ல சுகம், இறக்கத்தில் நோய் — இப்படியும் ஒரு வியாதி உண்டா? கலஹா வீதியின் வளைவுகளை அறிந்தவர்களுக்கு இது சிரிக்கிற விஷயமல்ல. ‘ஒண்ணு வண்டிய வித்துருங்க, இல்லாட்டி என்னைய எங்கம்மா வீட்டுல விட்டுருங்க’ என்று மனைவி சொல்லிவிட்டாராம். வாங்குகிற ஆளையும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியாயிற்று. வண்டி போனால் பிழைப்பும் போச்சு. மனிதர் முகத்தில் களையே இல்லை.

எனக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. ஆனால், கருத்துச் சொல்ல லைசன்ஸ் கேட்கிறார்களா என்ன? பேராதனையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ரஷீத் பாஸின் கராஜுக்கு அவரை இழுத்துப் போனேன்.

ரஷீத் பாஸ் பொனட்டைத் திறந்தார். பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். ஸ்டியரிங் ஒயிலைப் பார்த்தார். கீழே படுத்து, எங்காவது ஒழுகுகிறதா என்று தேடினார். பிறகு தானே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

“பெல்ட் நல்லா ஈக்கி, ஒயிலும் ஈக்கி. எஞ்சின் பம்பச் சுத்துது, பம்பு ஒயிலத் தள்ளுது. வேற என்ன வேணும்? நோயில்லாத வண்டிக்கு நான் எங்க மருந்து குடுக்க?”

சரி, கண்ணால் பார்த்துவிடுவோம் என்று நானும் கலஹா வரை ஏறினேன். ஸ்டியரிங் பூப்போலச் சுழன்றது. திரும்பி இறங்கத் தொடங்கினோம். என்ன அமைதியான வண்டி என்று நான் மெச்சிக்கொண்டிருக்கையிலேயே செல்வராஜின் நெற்றியில் வியர்வை.

“பாத்தீங்களா சார், இறுகிருச்சு!”

அடுத்த வளைவில் இராணுவச் செக் பொயின்ட். இடப்பக்கம் ஒதுக்கச் சொல்லி ஒரு சிப்பாய் கைகாட்டினார். செல்வராஜ் இரண்டு கையாலும் இழுத்தார். அவசரத்துக்கு நானும் பிடித்து இழுத்தேன். பிக்கப்போ நேரே போய், மண் நிரப்பிய பீப்பாய்க்கு ஒரு முழம் முன்னால்தான் நின்றது.

துப்பாக்கிகள் உயர்ந்தன. அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தார்கள். என்னுடையதில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். யுத்தம் நடக்கிற இந்தக் காலத்தில் அதற்கு மேல் விளக்கமும் வேண்டுமா?

ஸ்டியரிங் பழுது என்று செல்வராஜ் நல்ல சிங்களத்தில் சொன்னார். அங்கே பொறுப்பாக நின்ற சார்ஜன் நம்பவில்லை. “ஸ்டார்ட் கரன்ன!” என்று எஞ்சினைக் கிளப்பச் சொல்லி அதட்டி, ஓரத்தைக் காட்டினார். செல்வராஜ் சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது... ஸ்டியரிங் ஒரு விரலுக்கே வளைந்துகொடுத்து, வண்டி சமர்த்தாக ஓரத்தில் போய் நின்றது!

பழுதான ஸ்டியரிங் எப்படித் திரும்புகிறது? சந்தேகம் இரட்டிப்பாகிவிட்டது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. “செல்வராஜ், இறங்கும்போது எஞ்சினை நிற்பாட்டிவிடுவீர்களா?”

“ஆமாங்க. எறக்கத்துக்கு எதுக்கு டீசல்? பழைய வண்டியிலயும் அப்படித்தானே வருவேன்...” பழைய வண்டிக்குப் பவர் ஸ்டியரிங் இல்லை. இதற்கோ எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு நடந்ததைச் சிங்களத்தில் ஒப்பித்தார்.

ஒரு சிப்பாய் விழுந்து விழுந்து சிரித்தார். சார்ஜன் சிரிக்கவில்லை. அட்டைகளைத் திருப்பித் தந்துவிட்டு, தணிந்த சிங்களத்தில் சொன்னார்: “ஐயா, இனிமேல் சத்தத்தோடு வாருங்கள். சத்தமில்லாமல் ஒரு வண்டி நேராக வந்தால் எங்களுக்கும் பயம்தானே?”



“நாளைக்கு அந்தாள வர வேணாம்னு சொல்லிறணும் சார்” என்று முகமெல்லாம் பல்லாகச் சிரித்தபடி, எஞ்சின் இரைய இரைய இறக்கினார் செல்வராஜ்.

அவரும் நானும் அந்தச் சார்ஜனும் அவரவர் வீடு போய்ச் சேர்வதென்றால், கொஞ்சம் டீசல் எரிந்தால்தான் என்ன?