எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்ட அக்கா

எங்கள் அக்கா கோவில்பட்டியில் பிறந்தார். அப்பா தவறியபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பன்னிரண்டு. வேதியியல் பட்டம் முடித்ததும் வேலை கிடைத்த ஹைதராபாத்துக்கு அம்மாவையும் என்னையும் அழைத்துவந்து, லோத்குண்டாவில் வீடு பிடித்தார். என்னைப் படிக்கவைத்தார். தம் திருமணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

நாச்சாரத்தில் ஒரு மாத்திரைத் தொழிற்சாலையில் சேர்ந்து, பேக்கிங் பிரிவின் மேனேஜர் ஆனார். தொடக்கத்தில் பெரிய கோபக்காரர். அதை மறைத்து எழுதினால் அக்காவுக்கே பிடிக்காது.

அங்கே வேலை செய்த சுமதி, லாலாகுடாவில் குடியேறிய தமிழ் ரயில்வே குடும்பத்துப் பெண். ஒருநாள் லேபிளை மாற்றி ஒட்டிவிட்டார். அக்கா அவரை அத்தனை பேர் முன்னாலும் திட்டித் தீர்த்தார். சுமதியின் கணவர் வீட்டைவிட்டுப் போய் மூன்று நாளாகியிருந்தது என்பது மாலையில்தான் தெரிந்தது.

மறுநாள் ஷிப்டு தொடங்கும்போது அக்கா எல்லாரையும் நிறுத்தி, முந்தைய நாள் நடந்ததைப் பற்றித் தெலுங்கில் பேசினார். பிறகு சுமதியிடம் திரும்பித் தமிழில் சொன்னார். "தப்பு தப்புதான். ஆனா நேத்து நான் பேசினதும் தப்பு. மன்னிச்சிடும்மா."

"இனி உங்களை யார் மதிப்பார்கள்?" என்று முதலாளி கேட்டாராம்.

"தெரியல சார், பாப்போம்" என்றாராம் அக்கா.

அதன்பிறகு யாரையும் தனியே அழைத்துத்தான் கண்டித்தார். காலையில் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே நடப்பார். வாட்டமாக இருந்தால் நின்று விசாரிப்பார்.

அவர் முகத்தை வீட்டில் நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. போன மழைக்காலத்தில் சுமதிதான் எனக்கு போன் செய்தார்.

"சார், மேடம் சுவத்தப் புடிச்சுட்டு நிக்கிறாங்க. ஆஸ்பத்திரி போலாம்னா நக்கோ நக்கோ, வேணாங்கிறாங்க. வீட்ல யாரும் கேக்கலயா?"

ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்டிருக்கவில்லை. அன்றே அழைத்துப் போனோம். நோய் முற்றியிருந்தது. ஏழு வாரம் இருந்தார்.

"ஏன்க்கா சொல்லல?" என்றேன்.

"நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல." கோபமில்லாமல்தான் சொன்னார்.

நான் இன்னும் அழவில்லை. எழுதும்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

வார்டில் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், முறைபோட்டு அம்மாவுடன் வந்து உட்கார்ந்திருந்த பேக்கிங் பிரிவினருக்கும், குறிப்பாகச் சுமதிக்கும் எங்கள் நன்றி. ஆறுதல் சொன்னவர்களுக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா எப்படி இருக்கிறார் என்று பலர் விசாரித்தீர்கள். நான் இன்னும் அவரிடம் கேட்கவில்லை. இதை முடித்துவிட்டுப் போய்க் கேட்கிறேன்.

— தம்பி