அடுத்த சைஸ்

எங்கள் புதூர்நாட்டுக்காரர்களுக்கு எதையும் அளவாக முடுக்கத் தெரியாது. மலை ரோட்டுக் குலுக்கலில் நட்டு கழன்றுவிடும் என்று பயம். என் மச்சான் ஸ்பேனர்மேல் ஏறியே நிற்பார். அப்படித்தான் அவர் பைக்கின் ஆயில் வடிக்கும் போல்ட்டின் துளையில் மரை தேய்ந்து, வண்டி என் பட்டறைக்கு வந்தது.

டேப் என்ற வெட்டுக்கருவியைத் துளையில் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று பொறுமையாகத் திருப்பி, புது மரை வெட்டினேன். சற்றே பெரிய போல்ட்டைப் போட்டு, ஸ்பேனரால் லேசாக இறுக்கினேன்.

"போதும் மச்சான். இதுக்கு மேல கை வைக்காதீங்க."

"இன்னா மச்சான் நீ? மலை ரோடு, கழண்டுக்கும். ஒரே ஒரு சுத்து!" என்று ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டார்.

நான் டேப் பெட்டியை மூடவில்லை. அடுத்த சைஸைத் தேட ஆரம்பித்தேன்.