தண்ணியில் இருந்த மாமா

அன்னூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மாரியம்மனுக்கு நோன்பு சாட்டியிருந்த சமயம். அமெரிக்காவில் நர்ஸாக இருந்த அத்தை, வெள்ளைக்கார மாமாவோடு வருவதாகப் போன் செய்தார். வீட்டில் கேட்காமல் அவரைக் கட்டிக்கொண்டதால் அப்பா அதுவரை அத்தையோடு பேசியதில்லை. அம்மன் பேரைச் சொன்னதால்தான் அன்று போனை வாங்கினார்.

"ஏனுங்கண்ணா, அவருக்கு நல்லபடியா ஆனா அவரையே தீர்த்தக்குடம் எடுக்க வெக்கிறேன்னு வேண்டியிருக்கேனுங்க. நீங்கதான் தூக்கி வெக்கோணும். ரொம்ப வருசம் தண்ணியிலயே கெடந்த மனுசனுங்க. இப்ப உட்டுப்போட்டாரு..."

அதோடு லைன் கட்டாகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் பெண் நேர்ந்த குடத்தைப் பிறந்த வீட்டு ஆண்தான் தூக்கி வைக்க வேண்டும். அப்பா அம்மாவிடம் சொன்னார்: "வந்தா சோறு போடு. குடிகாரன் தலையில குடத்த வெக்க மாட்டேன்."

மாமா வந்தார். நெட்டையாக, கால்களை அகட்டி நடந்தார். விடியுமுன் எழுந்து, சொல்லாமலே வாசலைக் கூட்டினார். அவர் கையில் பச்சை குத்தியிருந்த நங்கூரத்தைச் சூலம் என்று நினைத்து அடுத்த தோட்டத்து ஆத்தா கன்னத்தில் போட்டுக்கொண்டார். போதை தெளியட்டும் என்று அம்மா அவருக்கு வேளாவேளைக்கு மோர் கொடுத்தார். சித்தப்பா மட்டும் மிகவும் பிரியமாக ஒட்டிக்கொண்டு, அவர் பெட்டி திறப்பதற்காகக் காத்திருந்தார். பெட்டியில் மடித்த சட்டைகளும் எங்களுக்கு மிட்டாயும்தான் இருந்தன.

நோன்பன்று ஆற்றங்கரையில் எல்லோர் தலையிலும் குடம் ஏறிவிட்டது. மஞ்சள் வேட்டியோடு மாமா நின்றார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தூக்கி வெய்யுங்கண்ணா" என்றார் அத்தை.

"தண்ணியில கெடந்தவன்னு நீதான சொன்ன அம்மணி?"

அத்தை திகைத்தார். பிறகு குபீரென்று சிரித்தார். "ஐயோ அண்ணா, கடல் தண்ணிங்க! நேவியில கப்பல்ல இருந்தாருங்க!"

கரையே சிரித்தது. "அதானே பாத்தேன், பெட்டியில ஒண்ணுமே இல்ல" என்றார் சித்தப்பா. என்ன சிரிப்பு என்று மாமா கேட்க, அத்தை இங்கிலீஷில் விளக்கினார். மாமா சிரிக்கவில்லை. அப்பாவை நேராகப் பார்த்து, தெரிந்த தமிழைக் கூட்டிச் சொன்னார்:

"ரெண்டு தண்ணியும். ரெண்டும் உட்டாச்சுங்க."

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா கொஞ்ச நேரம் மாமாவையே பார்த்தார். பிறகு குனிந்து, குடத்தைத் தானே தூக்கி அவர் தலையில் வைத்தார்.

"பாத்துப் புடியுங்க மாப்ள" என்றார்.

அந்தத் தாயின் கருணையால் இன்று மாமாவும் அப்பாவும் நல்ல சிநேகம். அன்று நான் நினைத்ததெல்லாம், பாவம், இத்தனை பேரில் அப்பாவுக்கு மட்டும் மாமாவின் வேடிக்கை புரியவில்லையே என்றுதான்.