அம்மாவின் காது அடைத்திருந்த காலம்

போன கிழமை அல்பர்ட்ஸ்லுண்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடையில் காதுக் குறும்பி எடுத்துக்கொண்டு வந்தேன். சிரிக்காதீர்கள். பல மாதமாக என் வீட்டில் எல்லாரும் முணுமுணுக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிழை தங்கள் வாயில் இல்லை, என் காதில்தான் என்று மகள் டெனிஷில் சொன்னாள். அதுவும் எனக்கு இரண்டாம் முறைதான் கேட்டது.

சத்துமாத்திரைத் தட்டுகளுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. நெற்றியில் விளக்குக் கட்டிய ஒரு பெண்பிள்ளை, என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூப்பு, மெல்லிய குழாயைக் காதுக்குள் விட்டாள். தேத்தண்ணிக் கடையில் சர்பத்தின் கடைசிச் சொட்டை உறிஞ்சுவது போல ஒரு சத்தம். பிறகு ஏதோ கழன்றது. குளிர்பெட்டியின் இரைச்சல், வெளியே ஒரு குழந்தையின் அழுகை, அந்தப் பிள்ளையின் மூச்சு எல்லாம் ஒன்றாக உள்ளே வந்தன. "அவ்வளவுதான்" என்றாள் அவள். சாமான் வாங்கப் போய்த் திரும்புகிற நேரம்கூட ஆகவில்லை.

நன்றி சொல்லிவிட்டு வந்து காருக்குள் இருந்தேன். சாவியைப் போட்டும் திருப்பவில்லை. அவ்வளவு கோபம். அந்தப் பிள்ளையில் இல்லை, பாவம் அவள். அவள் பஞ்சில் தொட்ட ஸ்பிரிட்டின் மணம் இன்னும் மூக்கில் இருந்தது. அது என்னை நேராக நான் வளர்ந்த கிரின்ஸ்டெட்டுக்குக் கொண்டுபோய், ஒரு டொக்டரின் அறையில், அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்திவிட்டது.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அம்மா கிரின்ஸ்டெட்டில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடைக்கிற வேலை. இயந்திரச் சத்தத்துக்காக மஞ்சள் நிறத்தில் மெத்தென்ற அடைப்பான்கள் கொடுப்பார்கள். அம்மா அதை உருட்டி, விரலால் காதுக்குள் நன்றாகத் தள்ளிக்கொண்டு வேலை செய்வா. அம்மா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டா. சோறு வடித்தாலும் அப்படித்தான்.

அந்த இலையுதிர்காலத்தில் அம்மாவுக்குக் காது கேட்பது குறைந்தது. டொக்டரிடம் போனோம். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், பிள்ளை நன்றாக டெனிஷ் பேசுகிறாளே என்று அவர் சொன்னதும் நான் நிமிர்ந்து இருந்தேன். பெருமை.

"காது அடைச்சுக் கிடக்குது எண்டு சொல்லு. உள்ளுக்கை இரையுது" என்றா அம்மா.

காது மூடியிருக்கிறது, உள்ளே சத்தம் கேட்கிறது என்று நான் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் அதில் ஒரு பிழையும் இல்லை. டொக்டர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, மிகவும் இரக்கமாக, நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள், குண்டு விழுந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தோம் என்றோம். பார்க்காமல் இருப்போமா? அவருக்கு அது போதும். போரிலிருந்து வந்தவர்களுக்கு இப்படிச் சத்தங்கள் கேட்கும், உலகத்தைக் கேட்க மனம் மறுக்கும் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். காதுக்குள் பார்க்கும் கருவி அவருடைய மேசையில் கிடந்தது. கையை நீட்டினால் எட்டும். அவர் பேனையைத்தான் எடுத்தார்.

"என்னவாம்?"

"மனம்தானாம் அம்மா. குளிசை தாறாராம்."

அந்தக் குளிசையைப் போட்டால் அம்மா நின்ற இடத்திலேயே தூங்கிவிழுவா. ஒருநாள் தொழிற்சாலையில் பின்னுக்கு வந்த பாரந்தூக்கி வண்டி ஒலி எழுப்பியதும் கேட்கவில்லை. வண்டி மயிரிழையில் நின்றது. மேற்பார்வையாளர் அம்மாவைக் கூடை கழுவுகிற அறைக்கு மாற்றினார். அங்கே தண்ணீரும் அம்மாவும் மட்டும். அம்மா போன டெனிஷ் வகுப்பின் ஆசிரியை, இவவுக்கு மொழி படிக்க விருப்பமில்லை என்று முடிவு கட்டினா. கேட்காத மொழியை எப்படிப் படிப்பது? நாங்கள் திரும்பத் திரும்ப டொக்டரிடம் போனோம். அவர் குளிசையைத்தான் கூட்டினார்.

அந்த மார்கழியில் யாழ்ப்பாணத்திலிருந்து பெரிய மாமாவின் தொலைபேசி வந்தது. அம்மாவின் ஒரேயொரு அண்ணன். இருதய வருத்தக்காரன். டவுனுக்குப் போய், வரிசையில் நின்று எடுத்திருக்கிறார். அம்மா ரிசீவரை இந்தக் காதில் வைத்தா, அந்தக் காதில் வைத்தா.

"அண்ணை, கேக்கேல்லை! பலத்துக் கதையுங்கோ! கேக்கேல்லை அண்ணை!"

கடைசியில் அழுதுகொண்டு என்னிடம் தந்தா. நான்தான் மாமா சொன்னதைக் கேட்டு, அம்மாவின் காதுக்குள் கத்தினேன். "கொம்மாட்டைச் சொல்லு பிள்ளை, எனக்கு இப்ப பரவாயில்லை. வீணா யோசிக்க வேண்டாமெண்டு சொல்லு." பிறகு லைன் அறுந்துபோனது. தைப்பொங்கலுக்கு முன்னமே மாமா போய்விட்டார்.

பனி கரைகிற நேரம் அந்த டொக்டர் விடுமுறையில் போனார். அவருக்குப் பதிலாக ஒரு இளம் டொக்டர் வந்திருந்தா. நான் வாய் திறக்க முதலே எழும்பி வந்து, விளக்கைப் பிடித்து அம்மாவின் காதுக்குள் பார்த்தா. வேலையில் அடைப்பான் வைக்கிறாவா என்று கேட்டா. தள்ளித் தள்ளிக் குறும்பி இறுகிக் கல்லாகிவிட்டது என்றா. எண்ணெய்ச் சொட்டு விட்டு ஊறவைத்துவிட்டு வரச்சொன்னா. அடுத்த கிழமை இளஞ்சூட்டுத் தண்ணீர் அடித்தா. கிண்ணத்தில் விழுந்தவற்றைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு இருந்தா. திரும்பி நடந்து வரும்போது, "என்ரை சப்பாத்துச் சத்தம் கேக்குது" என்று மட்டும் சொன்னா.

பழைய டொக்டர் விடுமுறை முடிந்து வந்த அன்று அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனா. நேரம் பதிந்துவிட்டு வாருங்கள் என்றா மேசையில் இருந்தவ. அம்மா அசையவில்லை. டொக்டர் அறைக்கு வெளியே வந்ததும் என்னைத்தான் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன்.

"நீ கதையாதை" என்று அம்மா என்னைத் தன் பின்னுக்குத் தள்ளினா. பிறகு டெனிஷில், தனியாக, சொன்னா: "டு கிகெடெ இக்கெ."

நீ பார்க்கவில்லை. டெனிஷில் எல்லாருக்கும் 'டு'தான். ராணிக்கு மட்டும்தான் வேறு சொல் என்பார்கள். ஆனால் கடைக்காரப் பொடியனைக்கூட "நீங்கள்" என்று சொல்லுகிற அம்மாவின் வாயிலிருந்து அன்று வந்த 'டு' சுத்தமான "நீ".

காது என்று ஒருவரும் தன்னிடம் சொல்லவில்லையே என்றார் டொக்டர். காத்திருந்த சனம் சஞ்சிகைக்குள் தலையைக் குனிந்துகொண்டது. காது என்ற சொல்லைத் தவிர வேறு என்னத்தைச் சொன்னேன் நான்? அம்மா மிச்சக் குளிசைப் போத்தலை மேசையில் வைத்துவிட்டு நடந்தா.

வீட்டுக்குப் போகிற வழியில்தான் கேட்டா. "அண்ணை அண்டைக்கு எப்பிடிக் கதைச்சவர்? களைச்சுப்போயோ? இருமினவரோ?"

"வடிவாத்தான் கதைச்சவர்" என்றேன்.

"குரல் எப்பிடி இருந்தது?"

குரலை எப்படி மொழிபெயர்ப்பது?

போன கிழமை காருக்குள் இருந்தபடியே அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அம்மா இன்னும் கிரின்ஸ்டெட்டில்தான்.

"எனக்கும் காது அடைச்சுப்போச்சு அம்மா. இப்பதான் எடுத்தது."

"உள்ளுக்கை பாத்தவையே?"

"ஓம், முதல்லையே பாத்தவை."

"இப்ப பாக்கினம் போல" என்றா.

அந்த டொக்டர் செத்துப் பல வருடம். அவருடைய கட்டடத்தை இடித்து வாகனம் நிறுத்துகிற இடமாக்கிவிட்டார்கள். தொழிற்சாலையையும் மூடியாயிற்று. இந்தக் கோபத்தை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்ட ஒரு கதவு கிரின்ஸ்டெட்டில் இல்லை. மாமா சொன்ன சொற்கள் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன, "கொம்மாட்டைச் சொல்லு பிள்ளை" என்பது வரைக்கும். அதைச் சொன்ன குரலைக் காருக்குள் இருந்து தேடித் தேடிப் பார்த்தேன். வரவில்லை. அம்மாவுக்குக் கிடைக்காமல் என்னிடம் மட்டும் வந்த குரல் அது. இப்போது என்னிடமும் இல்லை.