குடவாசல் பக்கத்து நரி மனிதன்

காலை ஆறு இருபது. முதலில் கண்ணில் பட்டது ஓர் இடது கை. சுண்டுவிரலில் வேட்டிக் கிழிசல் சுற்றியிருந்தது. கைக்குச் சொந்தக்காரர் குடவாசலுக்குத் தெற்கே மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு உழுதவர். தன் வரப்பில் தனியாக நின்றார். சம்பா முற்றித் தலை சாய்ந்திருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அறுப்பு ஆட்கள் அரிவாளோடு நின்றார்கள். யாரும் வயலில் இறங்கவில்லை. அவர் இரவில் நரியாக மாறுகிறார் என்று ஒரு வாரமாக ஊரில் பேச்சு.

நான் அதற்காகத்தான் முதல் பஸ்ஸில் வந்திருந்தேன். எங்கள் பத்திரிகையின் ஞாயிறு மலருக்கு, ஓநாயாக மாறும் மனிதர்களைப் பற்றிய உலகக் கதைகளைத் தொகுத்துக் கொண்டிருந்தேன். "உள்ளூர்ச் சரக்கு ஒண்ணு கெடைச்சா கடைசியில சேருங்க" என்றிருந்தார் ஆசிரியர்.

நிலத்துக்குச் சொந்தக்காரரான பண்ணையாரின் காரியக்காரர் சைக்கிளைப் பிடித்தபடி எனக்கு விளக்கினார். வயல் நண்டு தின்ன வந்த நரியின் மேல் காவலாள் அரிவாளை வீசினானாம். இடது முன்னங்காலில் பட்டதாம். விடிந்தால் இவர் கையில் கட்டு.

"வேற என்னங்க சாட்சி வேணும்?"

அந்தச் சாட்சியை நான் ஏற்கெனவே படித்திருந்தேன். பிரான்சில் ஒரு வேட்டைக்காரன் வெட்டி எடுத்த ஓநாயின் பாதம், பைக்குள் மோதிரம் போட்ட பெண் கையாகிவிட்டதாம். அந்தப் பெண்ணை எரித்தார்கள். கிரேக்கத்தில் ஓநாயானவன் அரசன், அது புராணமாயிற்று. வடக்கு ஐரோப்பாவில் ஓநாய்த் தோல் போர்த்திய வீரர்களைப் புகழ்ந்து பாடினார்கள். எத்தியோப்பியாவில் கழுதைப்புலியாக மாறுவதாகப் பழி சுமந்தவர்கள் கொல்லர்கள். மலாய் நாட்டில் புலியானவன் பிழைக்க வந்த வெளியூர் வியாபாரி. நம் பக்கத்தில் கடவுளே நரியைக் குதிரையாக்கினார். அதற்கு உற்சவம் உண்டு. ஊருக்கு ஊர் மிருகம்தான் வேறு. யாரை எரித்தால் கேட்க நாதியில்லை என்பது எல்லா ஊருக்கும் தெரிந்திருக்கிறது.

குடவாசலுக்கும் தெரிந்திருந்தது. குத்தகைதாரர்களின் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் வந்த புதிது. வரப்பில் நின்றவர் மனுக் கொடுத்திருந்தார். நெல்லை அறுத்துக் குத்தகையை அளந்துவிட்டால் அவரை நிலத்திலிருந்து கிளப்ப முடியாது. நெல் வயலிலேயே கொட்டிப்போனால் குத்தகை பாக்கி; பாக்கி என்று சொல்லி வெளியேற்றலாம். ஒரு போகத்தின் நெல்லை விட்டு மூன்று ஏக்கரைப் பிடிப்பது பண்ணைக்கு நல்ல வியாபாரம். பண்ணையார் மேடைகளில் மூடநம்பிக்கை ஒழிப்பைப் பற்றிப் பேசுகிறவர். நன்றாகவே பேசுவார்.

அறுப்பு ஆட்களுக்குத் தலைமையாக நின்ற பெண் தன் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். விரல்களில் பழைய வெட்டுகள்.

"கதிரப் புடிக்கிற கையிலதாங்க அருவா படும். இந்தா, எல்லார் கையையும் பாருங்க. நாங்க எல்லாருமே நரிதானா?"

"நீ நரி இல்ல தாயி. ஊளை மட்டுந்தான் ஒனக்கு" என்றார் காரியக்காரர்.

"நரி மொகத்துல முழிச்சா யோகம்பாங்க. தெனம் ஒங்க மொகத்துலதான் முழிக்கிறோம், ஒண்ணையும் காணுமே."

எல்லோரும் சிரித்தார்கள். வரப்பில் நின்றவரும் சிரித்தார். இறங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

காரியக்காரர் கோபப்படவில்லை. "நாளையிலேர்ந்து பண்ணை அறுப்பு. இதுல எறங்குன காலு அதுல எறங்க வேணாம். தீட்டு" என்றார்.

சிரிப்பு நின்றது. பண்ணை அறுப்பு என்றால் ஒரு மாதக் கூலி நெல். இது ஒரு நாள் வேலை. அந்தப் பெண் அரிவாளை இடுப்பில் செருகினாள்.

"கோச்சுக்காதண்ணே" என்றாள் வரப்பைப் பார்த்து. "நீ நரின்னு இல்ல. எங்க வீட்டுலயும் பானை இருக்கு."

"தெரியுந்தாயி, போ" என்றார் அவர்.

சொன்னவர் நம்பவில்லை, கேட்டவர்களும் நம்பவில்லை. கதை வேலையை முடித்துவிட்டது. பிரான்சிலாவது சிலர் உண்மையிலேயே பயந்திருப்பார்கள்.

அவரும் மனைவியும் இறங்கி அறுத்தார்கள். கால்வாசி முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்து முளைவிட்டது.

என் கட்டுரை வந்தது. நிலாவும் ஓநாயும் அரைப் பக்கத்துக்குப் படமாக இருந்தன. இடம் போதவில்லை என்று குடவாசல் பத்தியை வெட்டியிருந்தார்கள்.

அடுத்த குறுவையை அந்த மூன்று ஏக்கரில் பண்ணை நட்டது.