வடக்குச் சன்னலும் வைகாசி வெயிலும்

1. பெயின்ட் காய்ந்த பிறகு

கட்டடம் முடிந்து, பெயின்ட் காய்ந்து, பூசை போட்டு, வடையும் தீர்ந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். என் தொழிலில் இது வழக்கம். முதலில் மேசன் பாஸ் வருவார், அடுத்துத் தச்சு பாஸ் வருவார். எல்லோரும் போன பின், புதுச் சுவரில் ஓட்டை போட்டுத் திட்டு வாங்குவதற்கென்று கரண்ட் பாஸ் வருவார். எங்கள் மலைநாட்டில் பாஸ் என்றால் முதலாளி இல்லை, கைவேலை தெரிந்தவர். நான் ஹட்டனில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தேன். எண்பதுகளின் நடுவில் ஒரு வைகாசியில் கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஆள் வந்தது.

அந்தத் தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் புதிதாக ஒரு டேஸ்டிங் ரூம் கட்டியிருந்தார்கள். முந்தைய நாள் செய்த தேயிலையை டீமேக்கர் காலையில் கோப்பைகளில் ஊற்றி, நிறம் பார்த்து, உறிஞ்சித் துப்பி, நல்லது கெட்டது சொல்லும் அறை அது. அங்கே வெளிச்சம் ஒரே சீராக இருக்க வேண்டும். ஆகவே சன்னல் வடக்கே பார்க்க வேண்டும் என்பது வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன சட்டம். அவர்கள் ஊரில் வடக்குச் சன்னலில் வெயில் விழாது. நம் ஊரிலோ சித்திரை முதல் ஆவணி வரை சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் நடமாடும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி காய்கறி போட்டவருக்குக்கூட இது தெரியும். ஆனாலும் டேஸ்டிங் ரூம் என்றதும் எல்லோர் வாயிலும் வடக்கு என்றே வந்தது. கார்த்திகையில் படம் வரைந்தார்கள், மாசியில் கூரை போட்டார்கள். அப்போது வெயில் தெற்கே இருந்ததால் அறை பிரமாதமாக இருந்தது. சித்திரை வருடப் பிறப்பன்று குடிபோனார்கள். வெயிலும் கூடவே குடிவந்துவிட்டது.

சன்னலை ஒட்டி நீள மேசை. அதன் முன்பாதியில் வெயில், பின்பாதியில் நிழல். வெயிலில் வைத்த கோப்பையில் தேயிலைச் சாயம் புதுச் செம்பு மாதிரி பளபளத்தது. டீமேக்கர் கதிரேசன், மனிதர்தானே, கோப்பைகளையெல்லாம் பளபளக்கிற பக்கத்துக்கு நகர்த்தி வைத்துக்கொண்டார். பார்க்கிறவர்கள் எல்லோரும் “அருமையான கலர்” என்றார்கள். தேயிலையை ஏலத்தில் விற்றுக் கொடுக்கும் கொழும்பு புரோக்கர்கள் மட்டும் அதே தேயிலையை “டல்” என்றார்கள். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும்.

தோட்டத்து மேனேஜரான துரைக்குப் பொறுமை போய்விட்டது. புரோக்கர் கம்பெனியின் டேஸ்டர் அடுத்த மாதம் நேரில் வருகிறார், அவரும் டல் என்று சொன்னால் கதிரேசனை வலப்பனைப் பக்கத்து ஃபேக்டரிக்கு மாற்றுவதாக எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். கதிரேசனின் மனைவி இந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிள்ளைகள் நுவரெலியாவில் படித்தார்கள். அவர் என்னிடம் மறைக்கவில்லை.

“எனக்குப் பயமா இருக்குங்க பாஸ். இருவது வருசமா நாக்க வச்சுப் பொழைக்கிறேன். இப்ப நாக்கு மேலயே சந்தேகம் வந்துருச்சு.”

2. கண்ணடிக்கும் கட்டடம்

துரை கொழும்பில் ஏதோ ஓர் அலுவலகத்தில் தானாகத் திரும்பும் லூவரைப் பார்த்து மயங்கியிருந்தார். வெயில் அடித்தால் அலுமினியத் தகடுகள் மூடிக்கொள்ளும், மப்பு போட்டால் திறந்துகொள்ளும். நான் போனபோது பெட்டி ஏற்கனவே வந்து கிடந்தது. உள்ளே தகடுகள், ஒரு மோட்டார், வெளிச்சம் பார்க்கும் போட்டோசெல். அதைத் தோட்டத்தில் எல்லோரும் ‘கண்ணு’ என்றார்கள்.

“பாஸ், பெட்டியப் பிரிச்சுப் பூட்டிட்டுப் போங்க. ஒரு நாள் வேலதானே?” என்றார் துரை.

“பூட்டலாந் தொரை. தகட்டத் திருப்புற ஷாஃப்ட் எங்க படுக்கும்? மோட்டார் எங்க ஒக்காரும்? கண்ண மேல கூரைல வைக்கணும், அதுக்கு வயர் போக சுவருக்குள்ள பைப் ஒண்ணும் இல்லயே.”

“அதெல்லாம் ஒங்க வேல. ஆனா கூரைல ஓட்டை போடாதீங்க. புதுத் தகரம். கீழ மூட்டை மூட்டையாத் தேயில இருக்கு.”

எனக்கு எரிச்சல் வந்தது. புதுப் பெண்ணுக்கு நகையும் வேண்டும், காதும் குத்தக் கூடாது. ஆனாலும் எல்லாவற்றையும் பொருத்திப் பூட்டினேன். மோட்டாரைத் தொங்கவிட ஓர் இரும்பு ஸ்டாண்ட் அடித்தேன். வயரைச் சுவருக்கு வெளியே கொடி மாதிரி ஓடவிட்டேன். கண்ணுக்கு வேறு இடமே இல்லாததால், எல்லோரும் கூடிப் பேசி, தகடுகளுக்கு உள்பக்கம் சன்னல் சட்டத்தில் வைத்தோம்.

சுவிட்சைப் போட்டதும் தகடுகள் அழகாக மூடின. துரை கைதட்டினார். தட்டிய கை இறங்கும் முன்பே அவை திறந்தன. மறுபடி மூடின. மறுபடி திறந்தன. கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் கூடையை இறக்காமலேயே நின்று பார்த்தார்கள்.

“இங்க பாருங்கடி, பில்டிங் கண்ணடிக்குது” என்றாள் ஒருத்தி.

“ஒன்னயப் பாத்துதான் அடிக்குது” என்றாள் இன்னொருத்தி.

சாயங்காலத்துக்குள் அந்தப் பெயர் லயம் முழுவதும் பரவிவிட்டது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிறவர்கள்கூட இரண்டு நிமிடம் நின்று அந்தக் கூத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். துரையால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

முதலில் எல்லோரும் மூடுபனியைத்தான் குற்றம் சொன்னோம். கந்தப்பளைப் பனி நினைத்தால் வரும், நினைத்தால் போகும். ஆனால் ஒரு நாள் பனியே இல்லாமல் வானம் துடைத்து விட்டதுபோல் இருந்தது, அன்றும் கட்டடம் கண்ணடித்தது. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. தகடு மூடினால் கண்ணு இருட்டுக்குள் போகிறது. உடனே மப்பு போட்டுவிட்டது என்று நினைத்துத் திறக்கிறது. திறந்தால் வெயில் கண்ணில் படுகிறது, உடனே மூடுகிறது. தன் இமையையே மேகம் என்று நம்பிய கண்ணு அது.

உள்ளே கதிரேசன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பகலுக்கும் இரவுக்கும் நடுவில் நின்றார். டேஸ்டர் வர இரண்டு வாரமே இருந்தது.

3. ஒரு பைப்புக்காக

கொழும்பிலிருந்து ஆர்க்கிடெக்ட் வந்தார். இளைஞர். சட்டையில் மை, பேச்செல்லாம் சிங்களம். நான் அவர்மேல் ஏறிப் பாயத் தயாராக இருந்தேன். அவரோ வந்த வேகத்தில் சுவரோரம் நின்ற சாரத்தில் ஏறி, சன்னலைப் பார்த்து, சூரியனைப் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டார்.

“பாஸ் உன்னே, இந்தச் சன்னலை நான் டிசம்பர் மாதத்துச் சூரியனுக்கு வரைந்துவிட்டேன்” என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். இப்படிச் சொல்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? சேர்ந்துதான் வேலை செய்தோம்.

செய்ய வேண்டியது இரண்டு. சன்னலுக்கு மேலே சுவரை உடைத்து, ஷாஃப்டும் மோட்டாரும் உள்ளே படுக்கிற மாதிரி புது லிண்டல் போட வேண்டும். கூரையைத் துளைத்து ஒரு பைப் ஏற்றி, கண்ணை வெளியே வானம் பார்க்க வைக்க வேண்டும். மூடுபனி வந்து போகும் ஒவ்வொரு தடவையும் தகடு ஆடாமல் இருக்க நான் ஒரு டிலே ரிலே சேர்த்தேன். அது கண்ணு சொன்னதும் கேட்காமல், கொஞ்சம் பொறுத்துப் பார்த்துக் கேட்கும்.

துரை குதித்தார். “புதுக் கட்டடத்த ஒடைக்கவா ஒங்களக் கூப்பிட்டேன்? மழ வருது. ஒழுகினா யாரு பதில் சொல்றது?”

கதிரேசன்தான் முன்னால் வந்தார். துரை முன்னால் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

“நான் சொல்றேங்க தொரை. ஒரு சொட்டு ஒழுகினாலும் டேஸ்டர் வர்ற வரைக்கும் நீங்க காத்திருக்க வேணாம். அன்னைக்கே என்னைய மாத்திருங்க.”

துரை “ஒடைங்க” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

உடைத்தோம். கட்டும்போதே போட்டிருந்தால் ஒரு முழம் பைப், கூலிகூடக் கேட்டிருக்க மாட்டேன். இப்போது சிமெந்துத் தூசி, தார்ப்பாய், சாரம், கூரைமேல் படுத்துக்கொண்டு ஈயம் உருக்கி அடைப்பது என்று திருவிழாவே நடந்தது. மழை பெய்த அன்று கதிரேசன் பைப்புக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒழுகவில்லை.

4. சீரான வெளிச்சம்

மறுநாள் காலை தகடுகள் மெதுவாகத் திரும்பி, ஒரு கோணத்தில் நின்றன. மேசை முழுவதும் ஒரே வெளிச்சம். நானும் ஆர்க்கிடெக்ட்டும் மூலையில் நின்று ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டிருந்தோம். கதிரேசன் கோப்பைகளில் வரிசையாகச் சாயத்தை ஊற்றினார். முதல் கோப்பையை உறிஞ்சினார், துப்பினார். இரண்டாவது. மூன்றாவது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னாச்சுங்க?” என்றேன்.

“கொழும்புக்காரங்க சொன்னது நெசந்தாங்க பாஸ். டல்லுதான்.”

இத்தனை உடைத்து, இத்தனை அடைத்து, அவருடைய தேயிலை மட்டம் என்று நிரூபித்தா கொடுத்தோம்?

அவர் முகத்தில் பயம் இல்லை. அரைத்த கொழுந்தைப் பரப்பி நிறம் ஏற விடுவதை ஃபர்மென்டிங் என்பார்கள். வெயிலில் பளபளத்த சாயத்தை நம்பி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அந்த நேரத்தை அவர் நீட்டிக்கொண்டே போயிருக்கிறார், நேரம் மிஞ்சியதில் சாயம் மங்கிவிட்டது. அன்றே துரை பங்களாவுக்குப் போய், “தொரை, தப்பு வெளிச்சத்துல மட்டும் இல்ல, தேயிலைலயும் இருந்துச்சு. இப்ப கண்ணுக்குத் தெரியுது. சரி பண்ணிருவேன்” என்று சொல்லிவிட்டு வந்தார். நானாக இருந்தால் மோட்டாரின் தலையில் பழியைப் போட்டிருப்பேன்.

டேஸ்டர் வந்த அன்று நான் ஸ்பானரோடு வாசலிலேயே நின்றேன். கட்டடம் கண்ணடிக்கவில்லை. அவர் வரிசை முழுவதும் உறிஞ்சிவிட்டு, ஒரு கோப்பைக்கு மட்டும் திரும்பி வந்து மறுபடி உறிஞ்சினார். “பிரைட்” என்றார். ஒரே சொல். கதிரேசன் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். நிழலை வாங்கிக் கட்டடத்தில் மாட்ட முடியாது. தகடு, மோட்டார், கண்ணு எல்லாம் படத்தில் சுவர் வரும் முன்பே இடம் பிடித்திருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து வெயில் எங்கே நிற்கும் என்று யாராவது வாய் விட்டுக் கேட்க வேண்டும்.

தலவாக்கலையில் அடுத்த டேஸ்டிங் ரூம் கட்டும்போது ஆர்க்கிடெக்ட் வெறும் தாளை விரித்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். அந்தத் தோட்டத்துத் துரை, ஆர்க்கிடெக்ட், நான், யோசனை சொல்லக் கதிரேசன். உண்மையைச் சொன்னால் எனக்கு நடுக்கமாக இருந்தது. முதலிலேயே கூப்பிட்டுவிட்டால் பிறகு குறை சொல்ல ஆள் கிடைக்காது. துரை கதிரேசனிடம், வெளிச்சம் எப்படி வேண்டும், தேயிலை நன்றாக எடுப்பாகத் தெரிய வேண்டுமா என்று கேட்டார்.

“வேணாங்க. என் தேயில மட்டமா இருந்தா மட்டமாவே தெரியணும்” என்றார் கதிரேசன்.

ஆர்க்கிடெக்ட் பென்சிலை எடுத்தார். அதன் பிறகு பைப் எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் அரை மணி நேர வேலை.